தட்டில் வைத்ததும் தள்ளி வைத்ததும்

கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களில் ஒருவர் இறந்துவிட்டால் அன்றிரவு அந்த வீட்டில் விளக்கு அணைவதில்லை. உள்ளே பெண்கள் உடலைச் சுற்றி அமர்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். வெளியே பந்தலின் கீழ் ஆண்கள் விழித்திருப்பார்கள். நள்ளிரவு தாண்டியதும் கேத வீட்டுக்காரர் சார்பில் ஒருவர் தட்டொன்றை ஏந்தி வரிசையாக வருவார். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, கிள்ளி வைத்த புகையிலை, பீடிக்கட்டு, தீப்பெட்டி ஆகியவை அதில் இருக்கும். உறக்கத்தை விரட்ட உதவுவதோடு, துக்கத்தில் பங்குகொள்ள வந்தவர்க்கு அந்த வீடு செய்யும் மரியாதையாகவும் அத்தட்டு விளங்குகிறது. வேண்டாதவரும் முகம் சுளிக்காமல் அதைத் தொட்டு அடுத்தவர் பக்கம் நகர்த்துவார்.

எங்கள் அப்பத்தா இறந்த இரவிலும் அந்தத் தட்டு சுற்றி வந்தது. கடைக்குப் போய்ப் புகையிலை வாங்கி வந்தவர்கள் நாங்கள். அதைக் கிள்ளித் தட்டில் அடுக்கியவர்களும் நாங்கள். அப்பத்தாவோ வாயில் வந்த புற்றுநோயால் இறந்திருந்தார். அவ்விரவில் எங்களுள் ஒருவருக்கேனும் அது முரணாகத் தோன்றவில்லை. ஆண்டுகள் சில கழிந்த பின்னரே, அந்தத் தட்டு எங்கள் மனச்சான்றின்முன் மீண்டும் வந்து நின்றது. இன்று இதை எழுதத் தூண்டுவதும் அதுவே.

கேள்வி யாரைப் பற்றியது?

புகைப்பதும் புகையிலை போடுவதும் பாவமா என்ற கேள்வி, மறைக்கல்வி வகுப்புகளிலும் தவக்காலத் தியானங்களிலும் நம்மிடையே எழுவதுண்டு. கேட்பவர் பெரும்பாலும் தம்மைப் பற்றிக் கேட்பதில்லை. அடுத்தவரை நினைத்தே கேட்கிறார். அக்கேள்விக்குத் திருச்சபை விடை சொல்லாமல் விடவில்லை. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் ஐந்தாம் கட்டளையை விளக்கும் பகுதியில், 2290ஆம் எண்ணின்கீழ், உணவு, மது, மருந்து ஆகியவற்றோடு புகையிலையையும் சேர்த்துச் சொல்லி, அளவு மீறுதலைத் தவிர்க்கும்படி அளவுடைமை என்னும் நற்பண்பு நம்மைப் பயிற்றுகிறது என்று கற்பிக்கிறது. அதே நூல் 1735ஆம் எண்ணில், அறியாமை, அச்சம், பழக்கம் போன்றவை ஒருவருடைய செயலுக்கான பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும் கூறுகிறது. தீமையைத் தீமை என்று சொல்வதும், அதில் சிக்கியவரை எடைபோட விரையாதிருப்பதும் ஆகிய இரண்டையும் சேர்த்தே திருச்சபை நமக்குக் கற்றுத் தருகிறது.

ஆனால் அப்பத்தாவின் சாவு எங்கள்முன் வைத்த கேள்வி வேறு. அவர் செய்தது பாவமா என்பதைவிட, அவரைச் சுற்றியிருந்த நாங்கள் செய்தது என்ன என்பதே எங்களை உறுத்துகிறது. அதற்கு விடை காண, அந்த இலை நம் வாழ்வில் எவ்வாறு இடம்பிடித்தது என்பதை முதலில் பார்ப்போம்.

இலை வந்த வழி

புகையிலை நம் மண்ணில் பிறந்ததன்று. அமெரிக்கக் கண்டத்துப் பயிரான அது, போர்த்துக்கீசியரின் கப்பல்கள் நம் கடற்கரைகளுக்கு வந்த காலத்தை ஒட்டி இந்தியாவுக்குள் நுழைந்தது. சங்கப் புலவர்கள் அதை அறியார்கள். எனினும், வந்த சில நூற்றாண்டுகளுக்குள் அது நம் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது. கிளியையும் மேகத்தையும் தூது அனுப்பிய தமிழ் மரபில், சீனிச்சர்க்கரைப் புலவர் புகையிலையையே பழநி முருகனிடம் தூது அனுப்பி 'புகையிலை விடு தூது' பாடினார். டாக்டர் உ. வே. சாமிநாதையர் அந்நூலை அச்சேற்றினார். நாட்டுப்புறத்துக் காவல் தெய்வங்களான கருப்பசாமிக்கும் முனியாண்டிக்கும் சுருட்டுப் படைப்பது இன்றும் வழக்கில் உள்ளது. தனக்குப் பிடித்ததைத் தன் தெய்வத்துக்கும் கொடுத்து மகிழும் எளிய மக்களின் அன்பு அது. இகழ்வதற்காக அதை இங்கே குறிப்பிடவில்லை. ஓர் இலை எவ்வளவு ஆழமாக வேரூன்ற முடியும் என்பதற்கு அது சான்று.

நம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்று நீரால் நெல்லும் வாழையும் திராட்சையும் செழிக்கின்றன. புகையிலையோ வடக்கே திண்டுக்கல், வேடசந்தூர்ப் பக்கத்துப் பயிர். மெல்லும் புகையிலையையும் சுருட்டுப் புகையிலையையும் ஆராய்வதற்கென்றே 1948இல் வேடசந்தூரில் ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் ஸ்பென்சர் நிறுவனம் திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. அங்கே உருட்டப்பட்ட சுருட்டுகள் கடல் கடந்து சென்று இங்கிலாந்துக் கனவான்களின் விரல்களுக்கிடையே புகைந்தன. திண்டுக்கல் இலை அங்கே உயர்குடியின் அடையாளமாயிற்று. அதே மண்ணின் இலை மலைத்தோட்டத்துக் கூலிப் பெண்ணின் கன்னத்துக்குள் சென்றபோது எப்படிப் பார்க்கப்பட்டது என்பதை இனிச் சொல்வோம்.

மலையில் ஒரு துணை

எங்கள் அப்பத்தா 30 ஆண்டுகளுக்கு மேல் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவர். விடியுமுன் எழுந்து, தூக்குச் சட்டியில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு, கம்பம் மெட்டு ஏறும் ஜீப்பில் நெருக்கியடித்து அமர்ந்து போவார். இன்றும் குமுளி, கம்பம் மெட்டு, போடி மெட்டு ஆகிய மூன்று மலைவழிகளிலும் நம் ஊர்ப் பெண்கள் அவ்வாறே போய்வருகிறார்கள். ஏலச்செடிக்கு நிழலும் ஈரமும் வேண்டும். செடிக்கு இதமான அந்த ஈரம், குனிந்து காய் எடுக்கும் பெண்ணுக்கு வதையாகிறது. பருவமழைக் காலத்தில் தூறல் ஓயாது. உடுத்திய சேலை காயாது. அட்டைகள் கணுக்காலிலிருந்து முழங்கால்வரை ஏறும்.

வேலைக்குப் போன முதல் நாளில் மூத்த தொழிலாளி ஒருவர் தமக்கு ஒரு துண்டுப் புகையிலையைத் தந்ததாக அப்பத்தா சொல்வார். அதை நீரில் ஊறவைத்துப் பாதங்களில் தேய்த்துக்கொண்டால் அட்டை அண்டாது. மீந்ததை வெற்றிலையோடு சேர்த்துக் கன்னத்தில் அதக்கிக்கொண்டால் குளிர் தெரியாது, பகல்வரை பசியும் தெரியாது. இவ்வாறு காலுக்கு மருந்தாக வந்த இலை வாய்க்குத் துணையாயிற்று. புகையிலையில் உள்ள நிக்கோட்டின் பசியுணர்வை மழுங்கச் செய்வது மருத்துவர்கள் அறிந்த உண்மையே. கூலி குறைவாகவும் பிள்ளைகள் பலராகவும் இருந்த வீட்டில், தம் பசியை மழுங்கச் செய்துகொண்ட அந்தப் பெண்மணி, தம் பங்குக் கஞ்சியைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்தார். அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளே நாங்கள். எங்களுடைய பள்ளிக் கட்டணத்தின் ஒரு பகுதி அந்தப் பசியிலிருந்து வந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

புகையிலையை வேண்டிப் போனவரல்லர் அவர். வேலையும் மழையும் பசியும் அதை அவர் கையில் கொடுத்தன. வேலையும் மழையும் பசியும் தணிந்த பின்னரும் அது அவரை விடவில்லை. துணையாக வந்தது, எசமானாகத் தங்கிவிட்டது.

ஒரே இலை, இரு பார்வை

எங்கள் வீட்டில் புகையிலையைப் பயன்படுத்தியவர் அப்பத்தா மட்டுமல்லர். அரசுப் பணியில் இருந்த எங்கள் பெரியப்பா சிகரெட் பிடிப்பார். அவர் வந்தால் கூடத்து நாற்காலியின் அருகே கண்ணாடியாலான சாம்பல் கிண்ணம் வைக்கப்படும். அந்தக் கிண்ணத்தைக் கழுவி வைப்பது எங்கள் சிறுவயதுக் கடமைகளுள் ஒன்று. பெட்டிக்கடைக்கு ஓடிச் சிகரெட் வாங்கி வருவதைப் பெருமையாகவே எண்ணினோம். அதன் மணம் எங்களுக்குப் படித்தவரின் மணமாக, நகரத்தின் மணமாகத் தோன்றியது.

அப்பத்தாவின் சுருக்குப்பையோ வேறு விதமாக நடத்தப்பட்டது. வாய் நாறுகிறது என்று பேரப்பிள்ளைகளாகிய நாங்கள் அவர் மடியைவிட்டு விலகினோம். புதுவீடு கட்டித் தரையில் பளபளப்பான கல் பதித்தபின், எச்சில் பட்டுக் கறையாகும் என்று அவரைத் திண்ணையிலேயே இருக்கச் சொன்னோம். வீட்டில் ஒரு பிள்ளைக்குப் புதுநன்மை கொடுத்த நாளில், எல்லாரும் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டபோது, சிவந்த பற்கள் தெரியுமென்று வாயை மூடிக்கொள்ளும்படி அவரிடம் சொன்னோம். அவர் சிரித்துக்கொண்டே முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அந்தப் படம் இன்றும் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அதில் எல்லாருடைய முகமும் தெரிகிறது. அவர் முகத்தில் பாதி தெரியவில்லை.

தீங்கை அளவுகோலாகக் கொண்டு பார்த்தால் சிகரெட்டும் வாய்ப் புகையிலையும் இரண்டுமே கொல்பவை. புகைப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950இல் இங்கிலாந்தின் டாலும் ஹில்லும் எடுத்துக்காட்டினர். மெல்லும் புகையிலை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்பதை உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை உறுதி செய்துள்ளது. வெறும் பாக்குமே அவ்வாறு தீங்கு செய்யும் என்று அதே முகமை 2004இல் அறிவித்தது. சிகரெட்டின் புகையோ பிடிப்பவரோடு நிற்பதில்லை. அருகிலிருக்கும் குழந்தையின் மார்புக்குள்ளும் போகிறது. அவ்வகையில், கூடத்தில் மரியாதை பெற்ற பழக்கமே வீட்டிலிருந்த மற்றவர்க்கும் தீங்கு செய்தது. ஆயினும் எங்கள் அருவருப்பு திண்ணையின் பக்கமே திரும்பியது. தீங்கின் அளவைப் பார்த்து அது எழவில்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது. கையில் வைத்திருப்பவர் ஆணா பெண்ணா, படித்தவரா கூலிக்காரரா, வெள்ளைச் சட்டையா நைந்த சேலையா என்பதைப் பார்த்தே அது எழுந்தது. ஒழுக்கத்தின் பெயரால் நாங்கள் காட்டியது பெரும்பாலும் அந்தஸ்தின் பெருமையே.

பெண்களைப் பொறுத்தவரை இந்தப் பாகுபாடு இன்னொரு விளைவையும் தருகிறது. பெண் புகைத்தால் ஊர் தூற்றும். ஆகவே நம் பெண்களிடையே புகைப்பழக்கம் இல்லை என்று நாம் நிம்மதி கொள்கிறோம். 2016-17இல் இந்தியாவெங்கும் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பின்படி, வயதுவந்த பெண்களுள் புகைப்பவர் 100க்கு 2 பேரே. ஆனால் புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்துவோர் 100க்கு ஏறத்தாழ 13 பேர். நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கன்னத்தின் உட்புறத்தில், அது இருக்கிறது. நாம் அதைத் தேடிப் பார்ப்பதில்லை.

மறைக்கப்பட்ட புண்

அப்பத்தாவின் கன்னத்துக்குள் புண் எப்போது வந்தது என்பது எங்களுக்குத் தெரியாது. காரக் குழம்பு வேண்டாம் என்று அவர் சொல்லத் தொடங்கியபோது, வயதாகிவிட்டது என்று நினைத்தோம். கஞ்சி மட்டும் போதும் என்றபோது, சிக்கனம் என்று நினைத்தோம். பேசும்போது முந்தானையால் வாயை மூடிக்கொண்டபோது, எங்கள் கண்டிப்புக்குப் பலன் கிடைத்துவிட்டது என்றே நினைத்தோம். ஏறத்தாழ ஓராண்டு இவ்வாறு சென்றது. கன்னம் வெளியே வீங்கித் தெரிந்த பின்னரே மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். மருத்துவர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று அவரிடமே கேட்டார். "பிள்ளைக திட்டும்னு சொல்லல சாமி" என்றார் அப்பத்தா.

அந்த ஒரு சொல்லை நாங்கள் இன்றுவரை சுமந்துகொண்டிருக்கிறோம். வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் கண்டறியப்பட்டால் குணப்படுத்தத்தக்க நோய். வாய் என்பது உடலின் உள்ளே ஒளிந்திருக்கும் உறுப்பும் அன்று. விளக்கைப் பிடித்துப் பார்த்தால் தெரியக்கூடியது. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, வெள்ளைத் திட்டோ, சிவந்த திட்டோ இருந்தால் உடனே காட்ட வேண்டும் என்பது எளிய அறிவுரை. எங்கள் வீட்டில் அதைப் பார்க்கும் கண்கள் பல இருந்தன. ஆனால் அவர் வாயைத் திறக்க முடியாதபடி செய்துவிட்டதும் நாங்களே. புகையிலை புண்ணை உண்டாக்கியது. எங்கள் ஏச்சு அதை மறைத்து வைத்தது.

மாற்கு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் 12 ஆண்டுகளாக இரத்தப்போக்கினால் வருந்திய பெண்ணைச் சந்திக்கிறோம். அவர் நோயாளி மட்டுமல்லர். அக்காலச் சட்டப்படி தீட்டானவர். ஆகவே நோயைச் சொல்லவும் முடியாமல், முன்னே வரவும் துணியாமல், கூட்டத்தில் ஒளிந்து பின்புறமாக வந்து இயேசுவின் ஆடையைத் தொடுகிறார். நலமும் அடைகிறார். ஆண்டவர் அத்துடன் அவரைப் போகவிட்டிருக்கலாம். அவர் நின்றார், தம்மைத் தொட்டவர் யார் என்று தேடினார். அப்பெண் நடுங்கிக்கொண்டே வந்து, நடந்தவை அனைத்தையும் சொன்னார். ஆண்டவர் அவரை மகளே என்று அழைத்தார். உடல் நலம் பெற்ற பின்னும் அவரைத் தேடி நின்றது எதற்காக? மறைந்து வாழவேண்டிய நிலையிலிருந்தும் அவரை விடுவிப்பதற்காகவே என்று நாம் எண்ணுகிறோம். அவரிடம் உண்மை முழுவதையும் அச்சமின்றிச் சொல்ல முடிந்தது. எங்கள் அப்பத்தாவுக்கு அப்படிச் சொல்ல எங்கள் வீட்டில் ஓர் ஆள் இல்லாமற்போயிற்று.

திருச்சபையின் கையில்

இவ்விலையோடு திருச்சபைக்கும் நீண்ட உறவு உண்டு. 1642இல் திருத்தந்தை எட்டாம் அர்பன், ஸ்பெயின் நாட்டுச் செவில் மறைமாவட்டக் கோவில்களில் புகையிலையைப் பயன்படுத்துவோரைத் திருச்சபையிலிருந்து விலக்குவதாக அறிவித்தார். திருப்பலி நேரத்திலும் சிலர் அதை விடாமல் ஆலயத்தை அசுத்தப்படுத்தியதே காரணம். 1650இல் திருத்தந்தை பத்தாம் இன்னொசென்ட் உரோமைப் புனித பேதுரு பேராலயத்துக்கும் அத்தகைய தடை விதித்தார். 1725இல் திருத்தந்தை பதின்மூன்றாம் பெனடிக்ட் அத்தடையை நீக்கினார். மூக்குப்பொடி போடுவதற்காக மக்கள் வழிபாட்டின் நடுவே எழுந்து வெளியே போய்வந்ததால், தடையே இடையூறாகிவிட்டது. 1863இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் காலத்தில் உரோமையில் புகையிலைத் தொழிற்சாலை ஒன்றும் எழுந்தது.

பிற்காலத்தில் வத்திக்கானில் பணியாளருக்கும் ஓய்வுபெற்றோருக்கும் குறைந்த விலையில் சிகரெட் விற்கப்பட்டு வந்தது. அதனால் பெரும் வருவாயும் கிடைத்தது. 2017 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ், 2018 முதல் அவ்விற்பனை நிறுத்தப்படும் என்று முடிவெடுத்தார். மக்களின் நலத்தைக் கெடுக்கும் ஒன்றில் திருப்பீடம் பங்கேற்க இயலாது என்பதே கூறப்பட்ட காரணம்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கற்பது என்ன? முதலில் விதித்த தடை, பயன்படுத்துபவரை வெளியே தள்ளியது; அது நீடிக்கவில்லை. கடைசியில் எடுத்த முடிவு, பயன்படுத்துபவரை ஒன்றும் சொல்லாமல், கொடுக்கும் தன் கையையே திருப்பி எடுத்துக்கொண்டது. கிடைத்துவந்த வருவாயையும் இழக்க முன்வந்தது. அடுத்தவரின் பழக்கத்தைக் கண்டிக்குமுன் அதில் நமக்குள்ள பங்கை விட்டுவிடுவதே நேர்மையான தொடக்கம். கேத வீட்டுத் தட்டை ஏந்தியிருந்த எங்கள் கைகளுக்கு இது மிகவும் பொருந்தும்.

அருவருப்பும் அன்பும்

இவ்விடத்தில் சில மறுப்புகள் எழலாம். அவரவர் உடல், அவரவர் விருப்பம். இதில் பிறர் தலையிடலாமா என்று ஒருவர் கேட்கலாம். விருப்பம் என்பது விரும்பாதபோது விட முடிவதாகவும் இருக்க வேண்டும். நிக்கோட்டினுக்குப் பழகிய உடல், அது கிடைக்காதபோது எரிச்சலும் தலைவலியும் உறக்கமின்மையுமாக வருந்துகிறது. அயர்லாந்தின் கூலித் தொழிலாளியும் வணக்கத்துக்குரியவருமான மேட் டால்பட், குடிப்பழக்கத்தை வென்றவர். மதுவை விட்டதைவிடப் புகையிலையை விட்டதே தமக்குக் கடினமாயிருந்தது என்று அவர் கூறியதாக அவர் வரலாறு சொல்கிறது. அத்தகைய மனவுறுதி படைத்தவருக்கே அந்நிலை என்றால், கைகொடுப்பாரில்லாத எளியவர்களின் நிலை என்ன?

வெளியிலிருந்து வாய்க்குள் போவது ஒருவரைத் தீட்டுப்படுத்தாது என்று ஆண்டவரே சொன்னாரே என்று வேறொருவர் வேடிக்கையாகக் கேட்கலாம். அது தூய்மைச் சடங்குகளைப் பற்றிய போதனை. நஞ்சுக்கு அளித்த அனுமதிச்சீட்டன்று. ஆயினும் அப்போதனை இங்கே வேறொரு வகையில் நமக்கு உரியதாகிறது. வாய்க்குள் போனதைக்கொண்டு அப்பத்தாவைத் தீட்டானவராக நடத்திய நாங்கள், எங்கள் உள்ளத்திலிருந்து வெளியே வந்த இகழ்ச்சியைக் கவனிக்கவில்லை.

மூன்றாவது மறுப்பு வலிமையானது. வெட்கப்படுத்தியதால்தானே பொது இடங்களில் புகைப்பது குறைந்தது என்பார்கள். குமுளிக்கு அப்பால் உள்ள கேரளத்தில் 1999இல் உயர்நீதிமன்றம் பொது இடங்களில் புகைப்பதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நாடு முழுவதற்குமான சட்டம் 2003இல் இயற்றப்பட்டு, 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத் தடை கடுமையாக்கப்பட்டது. 2013இல் தமிழக அரசு குட்காவையும் புகையிலை கலந்த பான் மசாலாவையும் தடை செய்தது. பேருந்துக்குள் பீடி புகைந்த காலத்தை அறிந்தவர்கள் இம்மாற்றத்துக்கு நன்றி சொல்லாமலிருக்க முடியாது. ஆனால் சட்டம் செயலைப் பற்றிப் பேசுகிறது: இங்கே புகைக்காதே, இதை விற்காதே என்கிறது. இகழ்ச்சியோ ஆளைப் பற்றிப் பேசுகிறது: நீ அருவருப்பானவள் என்கிறது. சட்டத்துக்குக் கீழ்ப்படிபவர் செயலை விடுகிறார். இகழ்ச்சிக்கு அஞ்சுபவர் தம்மையே மறைத்துக்கொள்கிறார்.

அப்படியானால் கண்டிக்காமல் விட்டுவிடுவதே அன்பா என்றால், அதுவும் இல்லை. தட்டில் புகையிலை வைத்துக் கொடுத்ததும் ஒருவகைக் கண்டிக்காமையே. வீட்டில் ஏசினோம்; சபையில் உபசரித்தோம். ஏச்சு எங்கள் கௌரவத்தைக் காத்தது. உபசரிப்பும் எங்கள் கௌரவத்தையே காத்தது. இரண்டிலும் அப்பத்தாவின் உடல் எங்கள் நினைவில் இல்லை. அன்பு உண்மையைச் சொல்லும். சொன்ன பின்னும் அருகிலேயே அமர்ந்திருக்கும். அருகில் அமராமல் சொல்லும் உண்மை தீர்ப்பாகிவிடுகிறது.

இனித் தட்டில் எதை வைப்போம்?

உலகில் ஆண்டுதோறும் 70 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் புகையிலையால் மடிகிறார்கள் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிடுகிறது. அப்பெருந்தொகையின்முன் நம் பங்கும் நம் அன்பியமும் செய்யக்கூடியது சிறிதே. ஆயினும் சில செயல்கள் நம் கைக்கு எட்டியவை. அன்பியக் கூட்டத்தில், மலைக்கு வேலைக்குப் போகும் தாய்மார் வாரம் ஒருமுறை கண்ணாடிமுன் தம் வாயைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். பங்கில் மருத்துவ முகாம் நடத்தும்போது வாய்ப் பரிசோதனையையும் சேர்க்கலாம். விட விரும்புவோர்க்கு 1800 112 356 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண் உண்டு என்று அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். தவக்காலத்தில் ஒறுத்தலாகப் புகையிலையை விட முன்வரும் ஒருவரிடம், 40 நாளும் யாராவது ஒருவர் சென்று எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கலாம். அவர் 10ஆம் நாளில் தவறினால் 11ஆம் நாளும் போய்க் கேட்கலாம்.

அண்மையில் எங்கள் உறவில் மற்றொரு சாவு நிகழ்ந்தது. இம்முறை தட்டில் சுக்குக் காப்பிக் குவளைகளும், சிறு கிண்ணத்தில் கற்கண்டும் ஏலக்காயும் வைத்தோம். அப்பத்தா தம் வாழ்நாளெல்லாம் பறித்துக் கொடுத்த ஏலக்காய், அவர் குடும்பத்துத் தட்டில் அன்றுதான் முதன்முறையாக ஏறியது. வழக்கத்தை மாற்றுகிறார்களே என்று முதியோர் சிலர் முணுமுணுத்தனர். சற்று நேரத்தில் பெரியப்பா எழுந்து பந்தலுக்கு வெளியே போனார். அவருக்கு இப்போது எழுபது வயதுக்கு மேலாகிறது. கூடத்து நாற்காலியும் சாம்பல் கிண்ணமும் எப்போதோ போய்விட்டன. மாட்டுக்கொட்டகை மறைவில் நின்று சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டிருந்தவரிடம் எங்களுள் ஒருவர் போய் நின்றோம். அவர் திடுக்கிட்டுக் கையைப் பின்னால் மறைத்தார்.

"மறைக்க வேண்டாம் பெரியப்பா. இருமல் எப்படி இருக்கிறது?" என்று கேட்டோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, மூன்று மாதமாகச் சளியில் இரத்தம் கலந்து வருவதாகச் சொன்னார். மறுவாரமே அவரோடு மருத்துவமனைக்குச் சென்றோம். சிகிச்சை நடைபெற்று வருகிறது. இறைவன் திருவுளம் எதுவாயினும், அவர் அதைச் சொல்லிவிட்டார், நாங்களும் கேட்டுவிட்டோம். அப்பத்தாவிடம் கேட்கத் தவறியதை அன்று கேட்கச் செய்த ஆண்டவருக்கு நன்றி கூறுகிறோம்.